ஜிபிஎஸ்ஸ உடம்புல எங்க கட்டுறது? மனோரா கடல்ல ரெண்டு சீசன் கட்டிப் பார்த்தது

போன வருஷம் ஆடி மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை விண்ட்சர்ஃபிங், அதாவது செயில் (பாய்) மாட்டுன போர்டு மேல நின்னு காத்துல ஓட்டுறது, அதுக்குப் போனப்போ என் ஜிபிஎஸ் வாட்ச்ல வேகம் 28.9 நாட்னு வந்துச்சு (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்). அதுக்கு முந்தின வாரம் அதே கடல், அதே செயில், ஏறக்குறைய அதே காத்து, அன்னைக்கு வந்தது 25.4. நடுவுல நான் மாத்துனது ஒன்னே ஒன்னு, போர்டுக்கு அடியில இருக்க ஃபின். மூணரை நாட் கூடிருச்சே, அப்போ ஃபின்னு தான் காரணம்னு முடிவு பண்ணி அதே மாடல்ல இன்னொரு சைஸும் ஆர்டர் போட்டுட்டேன். சின்னக் காசு இல்ல அது, கடையில உக்காந்து ஒரு மாசம் போன் டிஸ்ப்ளே மாத்தி மாத்தி சேத்து வச்ச காசு.

ஆனா மாத்துனது ஒன்னு இல்ல, ரெண்டு. முந்தின வாரம் மட்டி கீறி வலது மணிக்கட்டுல காயம், அதனால அந்த ஞாயித்துக்கிழமை வாட்ச்ச இடது கையில கட்டிட்டுப் போயிருந்தேன். அது எனக்கு ஞாபகத்துலயே இல்ல. மூணாவது வாரம் காயம் ஆறி, புது ஃபின்னு போட்டு, வாட்ச்ச பழையபடி வலது கையில கட்டிட்டுப் போனா 25.6. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. ஃபின்னு வேகம் குடுக்குதா இல்ல கை வேகம் குடுக்குதா?

இத ஏன் இவ்ளோ நீளமா சொல்றேன்னா, விண்ட்சர்ஃபிங்ல வேகத்த அளக்குறவங்க எந்த ஜிபிஎஸ் வாங்கலாம், எந்த ஆப் நல்லதுன்னு தான் நிறைய கேக்குறாங்க. வாங்குனத எங்க மாட்டுறதுன்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. எனக்குத் தெரிஞ்சு முக்கால்வாசி வேலை அதுல தான் இருக்கு.

என்னப் பத்தி ரெண்டு வரி. பட்டுக்கோட்டையில மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். மஸ்கட்ல ஆறு வருஷம் வேலை பார்த்தப்போ கூட இருந்தவர் ஒருத்தர் கத்துக்குடுத்தது இந்த விண்ட்சர்ஃபிங், திரும்பி வர்றப்போ ஒரு பழைய போர்டும் ரெண்டு செயிலும் கார்கோல போட்டு விட்டேன். இங்க இறங்குறது மனோராவுல, சரபோஜி மன்னர் கட்டுன கோபுரம் இருக்கே, அந்தக் கரையில. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம்லாம் ஏன் போறதில்லன்னு கேப்பாங்க. அந்தக் கரை கிழக்கப் பாத்து இருக்கு, ஆடி ஆவணியில அடிக்கிற கச்சான் காத்து நெலத்துலேருந்து கடலுக்குப் போகும், மாஸ்ட் (செயில் மாட்டுற கம்பம்) ஒடிஞ்சா நேரா நடுக்கடல் தான். கோடியக்கரைய சுத்தி இந்தப் பக்கம் பாக் விரிகுடாவுக்கு வந்துட்டா காத்து கரைய ஒட்டுனாப்ல போகும், அலை பெருசா எந்திரிக்காது, ரொம்ப தூரம் வரைக்கும் ஒரு பாகம், அதாவது ஒரு ஆள் ஆழம் தண்ணி தான், சில எடத்துல இடுப்பு ஆழம் தான். ஒரே தொல்லை கடல்புல்லு. சாதா ஃபின்ல புல்லு சுத்திக்கிட்டா போர்டு பிரேக் போட்ட மாதிரி நிக்கும், அதனால பின்னால சாஞ்ச ஃபின்னு தான் போடணும். புல்லு மேல எனக்குக் கோவம் எல்லாம் கிடையாது, ஆவுளியா மேயுறது அதத் தான், 2022ல அதுக்குன்னே தஞ்சாவூர் புதுக்கோட்டை கடல கடல்பசு பாதுகாப்பகமா அரசாங்கம் அறிவிச்சிருக்கு. புல்லு அடர்த்தியா இருக்க எடத்த விட்டு ஒதுங்கியே ஓட்டுறேன்.

சரி விஷயத்துக்கு வர்றேன்.

அந்த மூணாவது வாரத்துக்கு அப்புறம் ஒரு நா சாயங்காலம் மல்லிப்பட்டினத்துல டீக்கடையில உக்காந்து வாட்ச்ச நோண்டிக்கிட்டு இருந்தேன். விசைப்படகுல டிரைவரா போற அண்ணன் ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்தாரு.

"என்ன தம்பி, வாட்ச்ச அப்படி மொறைச்சுப் பாக்குற?"

"ஜிபிஎஸ்ணே இது. எவ்ளோ ஸ்பீடு போறேன்னு காட்டும். ஒரு நா ஒன்னு காட்டுது, இன்னொரு நா வேற காட்டுது."

"அத ஏன் கையில போய் கட்டியிருக்க? நம்ம போட்டப் பாத்திருக்கேல்ல, ஸ்க்ரீன் வீல்கிட்ட இருந்தாலும் ஆன்டெனா எங்க இருக்கும்? கேபின் மேல கம்புல. அத உள்ள வச்சுப் பாரு, வலை போட்ட எடம் ஒன்னு, அது காட்டுற எடம் ஒன்னு. எங்களுக்கு கேபின் தகரம் மறைக்கும். உனக்கு உன் உடம்பே மறைக்கும்ல?"

பத்து வருஷமா ஆன்டெனா கழட்டி மாட்டுறவன் நான், எனக்கு இத அவர் சொல்லித் தான் ஒறைச்சுது.

உடம்பு ஏன் மறைக்குதுன்னா, சாட்டிலைட்டு இருக்கது 20,200 கிலோமீட்டர் உயரத்துல. அங்கேருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸ்ல வர்ற சிக்னல் நம்மகிட்ட வந்து சேரும்போது உசுரு இல்லாத மாதிரி தான் இருக்கும். அந்த அலைவரிசைய தண்ணி நல்லா உறிஞ்சிரும், உப்புத்தண்ணி இன்னும் மோசம், சில மில்லிமீட்டர் தண்ணி மேல நின்னாலே சிக்னல் செத்துரும். மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணி தான, அப்போ நம்ம நெஞ்சும் முதுகும் ஜிபிஎஸ்ஸுக்கு ஒரு செவரு. செயில் துணி, ஃபிலிம் எல்லாம் பெருசா மறைக்காது. கார்பன் மாஸ்ட், கார்பன் பூம் (செயில கையால புடிச்சுக்கிற குறுக்குக் கம்பு) மறைக்கும், ஏன்னா கார்பன் மின்சாரம் கடத்தும்.

அடுத்து வேகத்த அது எப்படி எடுக்குதுங்கிறது. ஒரு நொடிக்கு முன்னாடி இங்க இருந்தோம், இப்ப இங்க இருக்கோம், நடுவுல எவ்ளோ தூரம்னு கழிச்சுப் பாக்குறது ஒரு வழி. அதுல எடம் ஒரு மீட்டர் தப்பா வந்தாலே கிட்டத்தட்ட 2 நாட் தப்பாயிரும். இன்னொரு வழி டாப்ளர். தஞ்சாவூர் ரோட்டுல பஸ்ஸு ஏர்ஹாரன் அடிச்சிட்டு நம்மளத் தாண்டும்போது சத்தம் சட்டுனு கீழ எறங்கும்ல, அதே கணக்கு தான், சாட்டிலைட் சிக்னலோட அலைவரிசை எவ்ளோ மாறுதுன்னு பாத்து நேரா வேகத்த எடுக்குறது. வேகத்துக்குன்னு இருக்க ஜிபிஎஸ் எல்லாம் இதத் தான் பதிவு பண்ணும், இது ரொம்பவே நம்பகமானது. ஆனா இதுக்கும் வானத்துல நாலா பக்கமும் சாட்டிலைட்டு தெரியணும். ஒரு பக்கம் மட்டும் தெரிஞ்சா கணக்கு சாயும். போதாக்குறைக்கு தண்ணி மேல பட்டுத் தெறிச்சு வர்ற சிக்னலையும் சேத்து வாங்கிக்கும்.

இப்போ என் கை கதை புரியும். கரைக்குத் திரும்பி வர்ற ரன்ல தான் நான் முழு வேகம் எடுப்பேன், அப்போ என் இடது கை முன்னாடி இருக்கும். எனக்கு ஒரு பழக்கம், முன்கைய பூமுக்கு அடியிலேருந்து கொக்கி மாதிரி புடிப்பேன், பின்கைய மேலேருந்து புடிப்பேன். அப்போ வாட்ச்சு வலது கையில இருந்தா மூஞ்சி வானத்தப் பாக்குது, இடது கையில இருந்தா கடலப் பாக்குது. 28.9 வந்தது கடலப் பாத்த வாட்ச்ல.

"தப்பு வந்தா கொறைச்சும் காட்டலாமே, ஏன் கூட்டியே காட்டுச்சு?"ன்னு தம்பி ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்வி. தப்பு ரெண்டு பக்கமும் தான் ஆடும். ஆனா நாம பாக்குறது அன்னைக்கு வந்ததுலயே பெரிய எண்ண. முப்பது ரன்ல இருபத்தொம்பதுல கொறைச்சுக் காட்டியிருந்தாலும் அது நம்ம கண்ணுல படாது, ஒன்னுல மேல ஏறியிருந்தா அதப் புடிச்சிக்கிட்டு சந்தோஷப்படுவோம். அதனால எடம் எவ்ளோ மோசமோ அவ்ளோ கூடுதலா தான் பீக் ஸ்பீடு வரும். மோசமான எடத்துல கட்டுனவன் வேகமானவனாத் தெரிவான், இது எனக்கு இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு.

இந்த சீசன் ஆரம்பத்துல ரெண்டு லாகர், அதாவது வேகத்தப் பதிவு பண்ற ஜிபிஎஸ் பெட்டி, நானே அசெம்பிள் பண்ணேன். ஈஎஸ்பி32 சர்க்யூட் போர்டு, யு-பிளாக்ஸ் எம்10 ஜிபிஎஸ் சிப்பு, மேல ஒரு சதுர செராமிக் ஆன்டெனா, மெமரி கார்டு, நொடிக்கு பத்து தடவ பதிவு பண்ற செட்டிங். மொதல்ல ரெண்டையும் ஹெல்மெட் மேல பக்கத்துல பக்கத்துல ஒட்டி ரெண்டு நா ஓட்டுனேன், ரெண்டும் ஒத்துப் போகுதான்னு தெரியணும்ல. ஒத்துப் போச்சு, 2 நொடி பீக்ல (ரெண்டு நொடி சராசரியில வந்த பெரிய வேகம்) தசமத்துக்கு அப்புறம் தான் வித்தியாசமே. அதுக்கப்புறம் ஒன்னு எப்பவும் ஹெல்மெட்ல, இன்னொன்ன ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு எடத்துல.

மணிக்கட்டப் பத்தி சொல்லியாச்சு, இன்னும் ஒன்னு மட்டும். விழுந்து வாட்டர்ஸ்டார்ட் (தண்ணியில கெடந்தபடியே செயில் தூக்க போர்டு மேல எந்திரிக்கிறது) பண்ணும்போது மொதல்ல தண்ணிக்குள்ள போறதும் கடைசியா வெளிய வர்றதும் கை தான். ஒவ்வொரு தடவையும் சிக்னல் அறுந்து திரும்பப் புடிக்கிற அந்த சில நொடியில வர்ற எண்ண நம்பவே கூடாது. வேகம் எடுக்க செயில இழுத்து இழுத்து பம்ப் பண்ணும்போது கை வீசுற வேகமும் சேந்துக்கும்.

பூம்ல மாட்டுனா வசதி, ஓட்டும்போதே கண்ணு முன்னாடி நம்பர் தெரியும். ரன் முழுக்க ஹெல்மெட்டோட நல்லாவே ஒத்துப் போச்சு. ஆனா அன்னைக்கு ஒரு எடத்துல ஃபின்ல புல்லு சுத்தி என்னத் தூக்கி முன்னாடி அடிச்சுது, சாயங்காலம் லேப்டாப்ல போட்டா ஹெல்மெட் 24, பூம் 37. சிக்னல் தப்பான்னு பாத்தா இல்ல, சிப்பு தன்னோட எரர் மதிப்ப சின்னதா தான் போட்டிருக்கு. நெசமாவே பூம் அந்த வேகத்துல சுழண்டிருக்கு, நான் தான் அந்த வேகத்துல போகல. இது ரொம்ப மோசமான தப்பு, ஏன்னா கருவி சரியா அளந்திருக்கும், சாஃப்ட்வேர் வடிகட்டாது, நாமளா உக்காந்து பாத்தாத் தான் உண்டு. ஜைப் (காத்து போற பக்கமா போர்டத் திருப்புறது) பண்ணும்போதும் இதே தான், செயில் திரும்புறப்போ பூம் தனியா ஒரு வட்டம் போடும். 500 மீட்டருக்குள்ள போயி திரும்பி, கெளம்புன எடத்துக்கு 50 மீட்டர் பக்கத்துல வரணும்னு ஒரு கணக்கு இருக்கே, ஆல்ஃபா, அத எடுக்குறவங்க பூம்ல மாட்டவே மாட்டாதீங்க.

போர்டு மேல ஒட்டிப் பாத்தது ஒரே ஒரு நா. மேல தண்ணி படலம் நின்னுக்கிட்டே இருக்கு, பதிவான பாதைக் கோடு விட்டு விட்டு வருது. விட்டுட்டேன்.

ஹார்னஸ், அதாவது பூமோட கொக்கி போட்டு மாட்டிக்கிற இடுப்புப் பட்டை, அதுக்குப் பின்னால இடுப்புக்கிட்ட ஒரு பாக்கெட் இருக்கும், நிறையப் பேர் போனையே பவுச்ல போட்டு அதுல சொருகிக்கிறாங்க. கரையில நிக்கும்போது சரி. ஆனா முழுக் காத்துல நாம ஹார்னஸ்ல தொங்கி கடலுக்கு மேல சாஞ்சு கெடப்போம், அப்போ முதுகு பாக்குறது வானத்த இல்ல, தண்ணிய. வேகம் கூடக் கூட சாயுறது கூடும், அதாவது எப்போ நம்பர் நல்லா வேணுமோ அப்போ தான் நம்பர் கெடும். பின்கழுத்துக்குக் கீழ, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல மேலாக வச்சா பரவால்ல, ஈரத் துணிக்கு அடியில மட்டும் வைக்காதீங்க. நனைஞ்ச ரேஷ்கார்டும் (உடம்போட ஒட்டுற கடல் சட்டை) தண்ணிப் படலம் தான்.

மேல்கை தான் ரொம்பப் பேர் கட்டுற எடம், வாட்டர்ப்ரூஃப் பட்டை கெடைக்குது, சுலபம். இதுல ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. ஓட்டும்போது முன்கையோட வெளிப்பக்கம் போற திசையப் பாக்கும், பின்கையோட வெளிப்பக்கம் வந்த திசையப் பாக்கும். ஆக ஒரு கைக்கு அரை வானம் தான். அதனால தான் போட்டி மனசோட ஓட்டுறவங்க ரெண்டு கையிலயும் ஒவ்வொன்னு கட்டி ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்குறாங்க. என் சோதனையில மேல்கை 2 நொடி பீக்ல ஹெல்மெட்ட விட அர நாட் வரைக்கும் ஆடுச்சு, 500 மீட்டர் சராசரியில வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. பட்டைய நல்லா இறுக்குங்க, இல்லன்னா அர மணி நேரத்துல உருண்டு அக்குள் பக்கம் போயிரும், அங்க அது பாக்குறது உங்க விலா எலும்பத் தான்.

ஹெல்மெட் இல்லாதவங்களுக்கு நான் சொல்றது தோளோட மேல்பக்கம். வெஸ்ட் பட்டையில ஒரு வெல்க்ரோ தச்சு, ஆன்டெனா மூஞ்சி நேரா மேல பாக்குற மாதிரி. தலை ஒரு பக்கம் மறைக்கும், ஆனாலும் மேல்கைக்கு இது தேவலாம்.

ஹெல்மெட் உச்சி தான் எனக்கு முடிஞ்ச முடிவு. முழு வானமும் தெரியும், கை வீச்சு இல்ல, விழுந்தா கடைசியா முங்கி மொதல்ல வெளிய வரும். மணிக்கட்டுல ஏழெட்டு சாட்டிலைட் புடிச்ச அதே சிப்பு அங்க இருபதுக்கு மேல புடிச்சுது. எண்சாண் உடம்புக்கு சிரசே பிரதானம்னு ஆத்தா சொல்லும், இதுக்காக சொன்னது இல்லன்னாலும் அப்படியே பொருந்துது.

உச்சின்னா எந்த உச்சின்னு கேக்கணும். நேரா நிக்கும்போது உச்சியா இருக்க எடம் சாஞ்சு கெடக்கும்போது உச்சியா இருக்காது. வீட்டுத் திண்ணைத் தூண்ல கயித்தக் கட்டி, ஹார்னஸ் கொக்கிய அதுல மாட்டி, ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு கடல்ல சாயுற மாதிரியே சாஞ்சேன், பார்வைய முன்னாடி வேலிப் பக்கம் வச்சுக்கிட்டேன். கொத்தனார் மாமா அவரோட ரசமட்டத்த எடுத்துட்டு வந்து ஹெல்மெட் மேல அங்க இங்க வச்சுப் பாத்தாரு. "கொஞ்சம் முன்னாடி வா மாப்ள, ம், இன்னும் ரெண்டு விரக்கடை வலது பக்கம்... நில்லு, ஆடாத"ன்னு சொல்லி குமிழி நடுவுல நின்ன எடத்துல பென்சிலால கட்டம் போட்டாரு. நான் உச்சின்னு நெனச்சிருந்த எடத்துலேருந்து அது மூணு விரல் தள்ளி இருந்துச்சு. ஆனா நான் ரெண்டு பக்கமும் ஓட்டுவேன், திரும்பி வரும்போது கழுத்து வேற பக்கம் சாயும், அதனால ரெண்டு பக்கமும் மார்க் பண்ணி நடுவுல ஒட்டுனேன்.

ஒட்டுறதப் பத்தி கவனமா கேளுங்க. ஹெல்மெட்ல ஓட்டை போடாதீங்க, ஓடு பலவீனமாயிரும். மேல துருத்திக்கிட்டு நிக்கிற கெட்டிப் பொருள் எதையும் ஸ்க்ரூ போட்டு வைக்காதீங்க, மாஸ்ட் வந்து தலையில விழுந்தா அந்த அடி அப்படியே உள்ள எறங்கும். சின்ன, தட்டையான, எடை கம்மியான லாகர், மெத்துனு ஒரு பவுச், வெல்க்ரோ. பலமா இழுத்தா கழண்டு வரணும். தொலையாம இருக்க மெல்லிசு நூல் ஒன்னு, அதுவும் அறுந்து போற நூலாத் தான் இருக்கணும், செயில்ல மாட்டி கழுத்த இழுத்துறக் கூடாது. பவுச்சுக்குள்ள ஒரு துண்டு ஃபோம் போட்டா கழண்டு விழுந்தாலும் மெதக்கும்.

ஆன் பண்றது தென்னந்தோப்புல வேணாம். கஜாவுல விழுந்தது போக மிச்சம் இருக்க தோப்பு நெழல்ல தான் நாங்க செயில் மாட்டுவோம், அங்கேயே ஆன் பண்ணிட்டு ஓடுவேன் முன்னாடி. இப்ப வெட்டவெளியில மணல் மேல மூஞ்சி மேல பாக்க வச்சு அஞ்சு நிமிஷம் விட்டுடறேன். ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன்னோட பாதை விவரத்த 30 நொடிக்கு ஒரு தடவ திரும்பத் திரும்ப அனுப்பும், நடுவுல அறுந்தா மறுபடி மொதல்லேருந்து காத்திருக்கணும், அதுக்குள்ள கடல்ல எறங்குனா மொத ரன் குப்பை.

நல்ல எடத்துல மாட்ட வசதி இல்லாதவங்க 2 நொடி பீக்க விட்டுட்டு 500 மீட்டர், இல்லன்னா ஒரு நாட்டிகல் மைல், அதாவது 1852 மீட்டர், இந்த சராசரியப் பாருங்க. 26 நாட்ல 500 மீட்டர் போக 37 நொடி ஆகும், அவ்ளோ நேரத்துல ஆட்டம் மேலயும் கீழயும் அடிச்சு அமுங்கிரும். 2015ல நமீபியாவுல லூடெரிட்ஸ் கால்வாய்ல பிரான்ஸ் விண்ட்சர்ஃபர் அந்துவான் அல்போ 53.27 நாட் ஓட்டுனாரே, அதுவும் 500 மீட்டர் சராசரி தான், அவருக்கு அது 18 நொடி சொச்சம். பீக்க மட்டும் பெருமையா போடுறவங்கள நான் இப்பல்லாம் மொதல்ல கேக்குறது "எங்க கட்டியிருந்தீங்க?"

அந்த ஃபின் விஷயத்துக்கு வருவோம். போன மாசம் ஹெல்மெட் லாகரோட ஒரே நாள்ல பழைய ஃபின்ல பத்து ரன், புது ஃபின்ல பத்து ரன், திரும்பப் பழையதுல அஞ்சு. 500 மீட்டர் சராசரியில புதுசு 0.4 நாட் மட்டும் கூட. அது நெசம்னு நம்புறேன், ஏன்னா கடைசி அஞ்சு ரன்ல பழையது மறுபடி அந்த 0.4 எறங்குச்சு. ரெண்டாவதா ஆர்டர் போட்டு வாங்குன ஃபின்னு இன்னும் கவர் பிரிக்காம கடையில மேல் தட்டுல கெடக்கு, மனோரா பக்கம் ஓட்டுறவங்க யாருக்காவது வேணும்னா வாங்க, வாங்குன வெலைக்கு கம்மியாவே குடுத்துடறேன், கூடவே ரசமட்டமும் ஒரு நா கடன் தரச் சொல்லி மாமாகிட்ட பேசுறேன். கச்சான் எப்படியும் புரட்டாசி ஆரம்பம் வரைக்கும் இருக்கும்.